நேரம் தவறாதவர்கள்

சென்ற இதழில் ட்ரெப்ளிங்கா முகாமில் 1943 ஆகஸ்ட் 2 அன்று மூண்ட கிளர்ச்சியைப் பார்த்தோம். அதன்பின் இரண்டரை மாதத்தில், அதே கொலைத் திட்டத்தின் இன்னொரு முகாமான சோபிபோரிலும் கைதிகள் எழுந்தார்கள். ட்ரெப்ளிங்காவைவிட சோபிபோர் பலருக்குப் பரிச்சயமான பெயராக இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் திரைப்படங்கள். 1987-இல் ஜாக் கோல்ட் இயக்கிய ‘எஸ்கேப் ஃப்ரம் சோபிபோர்’ என்ற தொலைக்காட்சிப் படம் ஒன்று. 2018-இல் ரஷ்ய நடிகர் கொன்ஸ்தந்தின் ஹபென்ஸ்கி தானே இயக்கி நடித்த ‘சோபிபோர்’ இன்னொன்று. அதை ரஷ்யா தன் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பியது. ஹபென்ஸ்கியின் படத்தைப் பார்த்து எழுந்து வருபவர் மனத்தில் ஒரே மனிதர்தான் நிற்பார்: செஞ்சேனை அதிகாரி அலெக்சாந்தர் பெச்சர்ஸ்கி. அவர் வந்தார், மூன்று வாரங்களில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களைப் போராளிகளாக்கினார், வேலியை உடைத்து வெளியேற்றினார். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் பிழைத்தவர்களின் சாட்சியங்களை அருகருகே வைத்துப் படிப்பவருக்கு இந்தக் கதையின் எடை வேறிடத்தில் விழுவது தெரியும். சோபிபோர் கிளர்ச்சியின் ஊற்று அந்த முகாமின் தையல், செருப்பு, தச்சுப் பட்டறைகளில் இருந்தது என்பது என் வாதம். அங்கே வேலை பார்த்தவர்கள் ஒன்றரை ஆண்டாகச் சேர்த்துவைத்த அறிவை எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்தவராகப் பெச்சர்ஸ்கி வாய்த்தார். அந்த அறிவு மட்டும் இல்லாதிருந்தால் அவருடைய துணிச்சல் வேலியோரத்திலேயே முடிந்திருக்கும்.

சோபிபோர் கிழக்குப் போலந்தில், பூக் ஆற்றுக்குச் சற்று மேற்கே, காட்டுக்கு நடுவே ஒரு சிறு ரயில் நிலையத்தை ஒட்டி அமைக்கப்பட்ட முகாம். 1942 மார்ச்சில் கட்டத் தொடங்கினார்கள். மே மாதமே கொலைகள் தொடங்கிவிட்டன. பெல்செட்ஸ், ட்ரெப்ளிங்கா ஆகியவற்றோடு சேர்த்து இது போலந்து யூதர்களைக் கொன்றொழிக்க நாஜிகள் வகுத்த ‘ஆபரேஷன் ரைன்ஹார்ட்’ என்ற திட்டத்தின் கீழ் வந்தது. ஆஷ்விட்ஸில் இருந்ததுபோலப் பெரிய உழைப்பு முகாமோ தொழிற்சாலைகளோ இங்கே கிடையாது. ரயிலில் வந்து இறங்கியவர்கள், ஒரு சிலரைத் தவிர, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எஞ்சின் புகை செலுத்தப்பட்ட அறைகளில் கொல்லப்பட்டார்கள். 1943 ஜனவரியில் நாஜிகளின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்த ஹெர்மன் ஹோஃப்லே என்ற அதிகாரி அனுப்பிய ரகசியத் தந்தியைப் பிரிட்டிஷார் இடைமறித்துப் பதிவு செய்திருந்தார்கள். அதன் பொருள் புரியவே 2000-ஆம் ஆண்டு ஆனது. 1942 முடிவு வரை சோபிபோருக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 1,01,370 பேர் என்கிறது அது. 1943-இல் நெதர்லாந்திலிருந்து மட்டும் 19 ரயில்களில் 34,313 பேர் வந்தார்கள். மொத்தத்தில் கொல்லப்பட்டவர்கள் 1,67,000-க்குக் குறையாது. இரண்டரை லட்சம் என்று கணக்கிடுவோரும் உண்டு.

இத்தனை பேரைக் கொன்ற இடத்தை நடத்திய எஸ்.எஸ். ஆட்கள் முப்பதுக்கும் குறைவு. ட்ராவ்னிகி பயிற்சி முகாமிலிருந்து வந்த, பெரும்பாலும் உக்ரேனியர்களான, நூற்றுச் சொச்சம் காவலர்கள் அவர்களுக்குக் கீழே. மீதி வேலை அனைத்தையும் கைதிகள் செய்தார்கள். பிணங்களை எரித்தவர்கள் மூன்றாம் பகுதியில் தனியாக அடைக்கப்பட்டிருந்தார்கள். வந்தவர்களின் துணிமணிகளைத் தரம் பிரித்தவர்கள் இரண்டாம் பகுதியில். முதல் பகுதியில் கைதிகளின் கொட்டகைகளும், அவற்றோடு தையல்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், தச்சர்கள், கொல்லர்கள் ஆகியோரின் பட்டறைகளும் இருந்தன. ஒரு கொலைக்களத்துக்குத் தையல்காரர் எதற்கு என்று தோன்றலாம். விடை எளிது. எஸ்.எஸ். ஆட்களுக்கு அளவெடுத்துத் தைத்த சூட் வேண்டும், புது பூட்ஸ் வேண்டும், ஊரிலிருக்கும் மனைவிக்கு ஃபர் கோட் வேண்டும். கொல்லப்பட்டவர்களின் பெட்டிகளில் உயர்ந்த ரகத் துணியும் தோலும் மலைபோல் குவிந்திருந்தன. ஸ்தானிஸ்லாவ் ஷ்மாய்ஸ்னர் என்ற பதினைந்து வயதுப் பையன் பொற்கொல்லன் என்பதாலேயே உயிரோடு விடப்பட்டான். இறந்தவர்களின் பல்லிலிருந்து எடுத்த தங்கத்தை உருக்கி எஸ்.எஸ். ஆட்களுக்கு மோதிரம் செய்து கொடுப்பது அவன் வேலை. முகாமின் அதிகாரப்பூர்வக் கணக்கில் இதற்கெல்லாம் இடமில்லை. சொத்து முழுதும் அரசுக்குச் சேர வேண்டும் என்பது விதி. ஆகவே பட்டறைக்கு வரும் ஒவ்வொரு அதிகாரியும் ஓரளவு திருட்டுத்தனமாக, துணைக்கு ஆள் இல்லாமல், தனியாகவே வந்து போனார். யார் எந்த நேரத்தில் வருவார், எதற்கு ஆசைப்படுவார், உள்ளே வந்ததும் துப்பாக்கி வார்ப்பட்டையை எங்கே கழற்றி வைப்பார் என்பதெல்லாம் பட்டறைக்காரர்களுக்கு அத்துப்படி.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது: முகாமுக்கு ஒரு முடிவு வரும், அது வரும் நாளில் சாட்சிகளை விட்டுவைக்க மாட்டார்கள். 1943 கோடையில் பெல்செட்ஸ் முகாமின் கடைசிக் கைதிகளை சோபிபோருக்குக் கொண்டுவந்து இறங்கிய இடத்திலேயே சுட்டார்கள். அவர்களுடைய உடைகளைப் பிரித்தவர்களுக்கு, தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லி எச்சரிக்கும் கடிதம் கிடைத்தது. ஜூலையில் காட்டில் மரம் வெட்டப் போன குழுவில் இருவர் ஒரு காவலனைக் கொன்றுவிட்டுத் தப்பினார்கள். பின்தொடர்ந்து ஓடியவர்களில் பிடிபட்டவர்கள் மற்றக் கைதிகளின் கண்முன் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோடையில் முகாமைச் சுற்றிக் கண்ணிவெடி புதைக்கப்பட்டது. ஆக, ஒருவர் இருவர் ஓடினால் எஞ்சியவர்கள் சாவார்கள். ஓடாமல் இருந்தால் எல்லோரும் பிறகு சாவார்கள். ஓடுவதென்றால் எல்லோரும் சேர்ந்தே ஓட வேண்டும். இந்த முடிவுக்கு லியோன் ஃபெல்ட்ஹெண்ட்லரைச் சுற்றி உருவான சிறு ரகசியக் குழு, பெச்சர்ஸ்கி வருவதற்கு முன்பே வந்துவிட்டது. ஃபெல்ட்ஹெண்ட்லர் ஜோல்கியெவ்கா ஊரின் யூத மன்றத் தலைவராக இருந்தவர்; ராணுவத்தோடு சம்பந்தமில்லாதவர். அவர்களிடம் ஒரு திட்டமும் இருந்தது. எஸ்.எஸ். ஆட்களுக்கு பூட்ஸ் துடைக்கும் சிறுவர்கள் விடியற்காலையில் அறைகளுக்குள் போய், தூங்கிக்கொண்டிருப்பவர்களைக் கொன்று துப்பாக்கிகளை எடுத்து வர வேண்டும். பதினான்கு பதினைந்து வயதுப் பையன்களால் இது முடியுமா என்ற தயக்கத்திலேயே அது நின்றுபோனது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் யோசனையைக் கவனிக்க வேண்டும். எஸ்.எஸ். ஆட்கள் தனித்தனியாக, ஆயுதம் கைக்கெட்டாத நிலையில், தங்களுக்குப் பணிவிடை செய்பவர்களிடம் அசட்டையாக இருக்கும் தருணத்தில், சத்தமில்லாமல் கொல்ல வேண்டும். அக்டோபர் 14 அன்று நடந்ததும் இதுதான். படுக்கையறை பட்டறையானது, சிறுவர்களின் இடத்தில் பெரியவர்கள் வந்தார்கள்.

செப்டம்பர் 22-23 வாக்கில் மின்ஸ்கிலிருந்து சுமார் 2,000 யூதர்களுடன் ஒரு ரயில் வந்தது. கட்டுமான வேலைக்கென்று அவர்களில் எண்பது பேர் அளவில் பிரித்தெடுக்கப்பட்டார்கள். பலர் செஞ்சேனைப் போர்க்கைதிகள். பெச்சர்ஸ்கி அவர்களில் ஒருவர். கிரெமென்சூக்கில் பிறந்து ரோஸ்தோவில் வளர்ந்தவர், இசையும் அமெச்சூர் நாடகமும் அவருக்கு உயிர். சேனையிலும் முன்னணிப் படைத் தளபதியாக இருந்தவரல்லர். தளவாட நிர்வாகப் பிரிவின் இளநிலை அதிகாரி. 1941 அக்டோபரில் வியாஸ்மா அருகே பிடிபட்டு இரண்டு ஆண்டு சிறையில் கழித்தவர். படங்கள் இவரைப் பிறவிப் படைத்தலைவராக நிறுத்துகின்றன. உண்மை அதைவிடச் சுவையானது: நாடகம் போட்டுப் பழகிய ஒருவர், எந்த நடிகர் எந்த நொடியில் மேடைக்கு வர வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர், தன் வாழ்வின் மிக ஆபத்தான அரங்கேற்றத்தை நடத்தினார். செப்டம்பர் இறுதியில் ஃபெல்ட்ஹெண்ட்லர் அவரைத் தேடிப் போய்ப் பேசினார். பெச்சர்ஸ்கிக்கு இட்டிஷ் சரளமில்லை. வார்சாவைச் சேர்ந்த ஷ்லோமோ லெய்ட்மன் மொழிபெயர்த்தார். சந்தேகம் வராதிருக்கப் பெண்கள் கொட்டகையில், லூகா என்ற இளம்பெண்ணோடு பேசிக்கொண்டிருப்பதான பாவனையில் சந்திப்புகள் நடந்தன. இரண்டு படங்களும் இந்த லூகாவை விரும்பிக் காதலியாக்கிக்கொள்கின்றன, அது கிடக்கட்டும். யார் யாரைத் தேடி வந்தார் என்பதுதான் இங்கே முக்கியம். அமைப்பு ஏற்கெனவே இருந்தது. அதற்கு ஆயுதம் பிடித்துப் பழகிய கைகள் தேவைப்பட்டன.

பெச்சர்ஸ்கி முதலில் எடுத்த வழிகளில் ஒன்று சுரங்கம். தச்சுப் பட்டறைப் பக்கமிருந்து வேலிக்கு அடியில் தோண்டத் தொடங்கினார்கள். அக்டோபர் மழையில் நீர் புகுந்து அது கைவிடப்பட்டது. எந்தப் போர்க்கைதி முகாமிலும் எந்தச் சிப்பாய்க்கும் முதலில் தோன்றக்கூடிய யோசனை அது. அறுநூறு பேர் ஓரிரவில் ஒரு பொந்து வழியாக ஊர்ந்து போக முடியுமா என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. அதன்பின் உருவான இரண்டாவது திட்டத்தில் பட்டறையின் கைரேகை வரிக்கு வரி தெரிகிறது. நான்கு மணி முதல் எஸ்.எஸ். ஆட்களை ஒவ்வொருவராகப் பட்டறைகளுக்கு அழைப்பது. ஒருவருக்கு சூட் தயார், அளவு பார்க்க வர வேண்டும். இன்னொருவருக்கு பூட்ஸ். மூன்றாமவருக்கு, இறந்தவர்களின் துணிக் குவியலில் அருமையான தோல் கோட் ஒன்று கிடைத்திருக்கிறது. ஒருவர் வந்து போகும் நேரத்துக்கும் அடுத்தவர் வரும் நேரத்துக்கும் சில நிமிட இடைவெளி. அதற்குள் உடலை மறைத்து, ரத்தத்தின் மேல் துணியோ மரத்தூளோ போட்டுவிட வேண்டும். கொல்லுப்பட்டறையில் கத்தி அடித்தார்கள், தச்சர்கள் கோடரிகளைத் தீட்டினார்கள். கைதிகளிலிருந்தே கண்காணிப்பாளராக்கப்பட்டிருந்த ‘காப்போ’ ஒருவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஏனெனில் முகாமின் பகுதிகளுக்கு இடையே ஆட்களைத் தடையின்றி அழைத்துப்போக அவர் ஒருவரால்தான் முடியும். கைதிகள் மிகவும் அஞ்சிய குஸ்தாவ் வாக்னர் விடுப்பில் போயிருந்தது பெரிய வாய்ப்பு. முகாம் தலைவர் ரைக்லைட்னரும் ஊரில் இல்லை. முதலில் 13-ஆம் தேதியைத்தான் குறித்திருந்தார்கள். அன்று அருகிலுள்ள ஓசோவா முகாமிலிருந்து எதிர்பாராமல் எஸ்.எஸ். கூட்டம் ஒன்று வந்துவிட, ஒருநாள் தள்ளிப்போட்டார்கள். திட்டத்தை அறிந்தவர்கள் பல பேர் இருந்தும் அந்த ஒருநாள் முழுதும் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. இந்தக் கைதிகளைக் கோழைகளின் கூட்டம் என்று சொல்பவர்கள் இந்த ஒருநாளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 14, வியாழக்கிழமை. நான்கு மணியளவில் துணைத் தலைவர் யோஹான் நீமன் குதிரையில் வந்து தையல் பட்டறை வாசலில் இறங்கினார். சூட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஷுபாயேவ் என்ற சோவியத் கைதி பின்னாலிருந்து கோடரியால் வெட்டினார். சிறிது நேரத்தில் காவலர்களின் பொறுப்பாளர் க்ரேட்ஷுஸ் குறித்த நேரத்துக்கு வந்தார். ஆர்காதி வைஸ்பபீரும் யெஹுதா லெர்னரும் காத்திருந்தார்கள். லெர்னர் வார்சாவைச் சேர்ந்த இளைஞர். அதுவரை கோடரியால் யாரையும் தொட்டதில்லை. க்ளாட் லான்ஸ்மன் அவரை 1979-இல் ஜெருசலேமில் பேட்டி எடுத்தார். அதை 2001-இல் ஒரு முழு ஆவணப்படமாக வெளியிட்டபோது, கிளர்ச்சியின் தேதியையும் மணியையும் அப்படியே தலைப்பாக வைத்தார். அந்தப் படத்தில் லெர்னர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ஜெர்மானியர்கள் நேரம் தவறாதவர்கள், அதனால்தான் இது நடந்தது. தாமதமாக வரும் பழக்கம் உள்ளவர்களாக இருந்திருந்தால் இரண்டு பேர் ஒன்றாக வந்து நின்றிருப்பார்கள், திட்டம் அங்கேயே குலைந்திருக்கும். இரண்டாம் பகுதியில் கிடங்குக்குத் தோல் கோட் பார்க்க வந்த யோசெஃப் வுல்ஃப் கொல்லப்பட்டார். அலுவலக அறையில் ருடால்ஃப் பெக்மனைக் கத்தியால் குத்தியவர்களில் ஒருவர் ஹைம் எங்கெல். அந்த வேலைக்குக் குறிக்கப்பட்டவர் கடைசி நிமிடத்தில் மனம் தளர்ந்ததால் தானாக முன்வந்தவர். அதற்குள் தொலைபேசிக் கம்பியும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. பொற்கொல்லச் சிறுவன் ஷ்மாய்ஸ்னர் பழுதுபார்ப்புச் சாக்கில் காவலர் கொட்டகைக்குள் போய்த் துப்பாக்கிகளைப் போர்த்தி எடுத்து வந்தான். ஒரு மணி நேரத்தில் 11 எஸ்.எஸ். ஆட்கள் செத்திருந்தார்கள், வெளியே யாருக்கும் தெரியாது. பெச்சர்ஸ்கி தச்சுப் பட்டறையிலிருந்து ஒவ்வொரு தகவலையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு வழக்கமான ஆஜர் விசில் ஊதி, எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஏதோ உத்தரவின்படி வேலைக்குப் போவதுபோல் பெரிய வாசல் வழியாக நடத்திப்போவது திட்டத்தின் இரண்டாம் பாதி. அது நடக்கவில்லை. வெளியூர் போயிருந்த எரிச் பாவர் லாரியோடு திரும்பி வந்து உடல் ஒன்றைப் பார்த்துச் சுடத் தொடங்கினான். முக்கியமாகக் கொல்லப்பட வேண்டியிருந்த கார்ல் ஃப்ரென்ஸல் பட்டறைக்கு வராமல் தப்பியிருந்தான். அவனும் இயந்திரத் துப்பாக்கியோடு வந்தான். அதன்பின் வரிசையாவது ஒழுங்காவது. ஒரு கூட்டம் வாசலை நோக்கி, இன்னொன்று வேலியை நோக்கி. முன்னே ஓடியவர்கள் கண்ணிவெடியில் சிதற, அவர்கள் மேல் ஓடியவர்கள் காட்டை அடைந்தார்கள். அன்று முகாமில் இருந்த அறுநூறு பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளியேறினார்கள். மூன்றாம் பகுதியில் பிணம் எரித்தவர்களுக்குச் சேதி சொல்லவே வழியிருக்கவில்லை. உள்ளே அகப்பட்டவர்கள் அனைவரும் சுடப்பட்டார்கள். அடுத்த நாட்களின் வேட்டையில் நூறு பேர் அளவில் பிடிபட்டார்கள். போர் முடிந்தபோது உயிரோடிருந்தவர்கள் சுமார் ஐம்பது பேர். படைத்திட்டமாக, திரைக்குப் பொருத்தமாக இருந்த பகுதி முறிந்துபோனது. பட்டறைக்குள் அடங்கிய பகுதி ஏறத்தாழப் பிசகில்லாமல் நடந்தது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை.

மறுப்பாக முதலில் எழக்கூடியது: ஃபெல்ட்ஹெண்ட்லர் குழு மாதக்கணக்கில் யோசித்தது, எதையும் செய்யவில்லை, பெச்சர்ஸ்கி வந்த மூன்றே வாரத்தில் செய்தார், பிறகு பெருமை யாருக்கு? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கொல்லத் துணிந்தவர்களின் நெஞ்சுரம் ஒன்று. கொலை செய்தபின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஓடலாம் என்று அறுநூறு பேரை நம்பவைக்கும் அதிகாரம் வேறொன்று. சண்டையைப் பார்த்த, சாவுக்குப் பழகிய, ஒருவரையொருவர் நம்பிய ஒரு குழு வந்து சேர்ந்தது பெரிய மாற்றம். முதலில் வெட்டியவர்களில் பலர் அவர்கள்தாம். ஆனால் சோவியத் கைதிகள் இல்லாத ட்ரெப்ளிங்காவிலும் கிளர்ச்சி நடந்தது. அங்கே நடந்தது ஆயுதக் கிடங்கின் பூட்டுக்கு மறுசாவி செய்த பட்டறைக்காரரிலிருந்துதான் தொடங்கியது என்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். மறுபுறம், சிப்பாய்கள் மட்டும் இருந்து பட்டறை இல்லாதிருந்தால்? பெச்சர்ஸ்கியின் ஆட்கள் சோபிபோரில் இருந்தது வெறும் 22 நாள். எந்த அதிகாரி எந்தப் பொருளுக்கு மயங்குவார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீமன் யார் கூப்பிட்டால் வருவார்? பல மாதங்களாக அவர் உடம்புக்கு அளவெடுத்தவர் கூப்பிட்டால்தான் வருவார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கசப்பானது. இந்தப் பட்டறைக்காரர்கள்தானே கொலைகாரர்களுக்கு உடையும் நகையும் செய்து கொடுத்தவர்கள். இவர்களை எதிர்ப்பின் ஊற்று என்று சொல்வது பொருந்துமா? 2020 ஜனவரியில் பெர்லினில் வெளியான நீமனின் சொந்தப் புகைப்பட ஆல்பத்தில் 361 படங்கள் இருக்கின்றன. சோபிபோரில் எடுத்தவற்றில் எஸ்.எஸ். ஆட்கள் புதுக் கட்டடத்தின் வராந்தாவில் மது அருந்திக்கொண்டு சாய்ந்திருக்கிறார்கள். உடைகள் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. அந்த மடிப்புக்குப் பின்னே யாருடைய கை இருந்தது என்பது நமக்குத் தெரியும், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தக் கை வேறெங்கும் போகச் சுதந்திரம் பெற்றிருக்கவில்லை. தைக்க மறுத்தவர் மூன்றாம் பகுதிக்குப் போயிருப்பார். அவர் இடத்தில் அடுத்த ரயிலிலிருந்து வேறொருவர் வந்திருப்பார். நிர்ப்பந்தத்தில் செய்த சேவையையே பொறியாக மாற்றிக்காட்டியதுதான் அக்டோபர் 14-இன் தனித்தன்மை. படங்கள் பட்டறைக் கொலைகளை அதிர்ச்சிக் காட்சியாகக் காட்டிவிட்டு விரைந்து நகர்கின்றன. அந்த அழைப்பு நம்பும்படியாக அமைய எத்தனை மாதக் குனிதல் தேவைப்பட்டது என்பதற்கு அவற்றில் இடமில்லை. மாறாக, ஹபென்ஸ்கி படத்தில் கைதிகளை வண்டியில் பூட்டி ஓட்டும் இரவுக் களியாட்டம் நீள நீளப் போகிறது. எஸ்.எஸ். ஆட்களின் கொடூரத்துக்குச் சாட்சியங்களில் பஞ்சமில்லை; ஆனால் வெறிபிடித்தவனைப் பட்டறைக்குள் நேரம் சொல்லி வரவழைக்க முடியாது. நிதானமாக, ஒழுங்காக, பேராசையோடு இருந்தவர்களைத்தான் அப்படி வரவழைக்க முடிந்தது.

இரண்டு மணி நேரப் படத்துக்கு ஒரு நாயகன் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். பெச்சர்ஸ்கிக்குச் செலுத்த வேண்டிய கடனும் பாக்கி இருந்தது. தப்பிய அவர் பார்ட்டிஸான்களோடு சேர்ந்தார், பின்பு சிறைப்பட்டிருந்த குற்றத்துக்காகத் தாக்குதல் பட்டாலியனில் போடப்பட்டுக் காயமடைந்தார். 1945-இல் ரோஸ்தோவில் தன் நினைவுகளைச் சிறு நூலாக வெளியிட்டார். யூத அறிவாளிகள் மீதான பிரசாரம் நடந்த 1948-இல் வேலையை இழந்தார். வெளிநாட்டு விசாரணைகளுக்குச் சாட்சி சொல்லப் போக அனுமதி கிடைக்கவில்லை. 1987 படம் அமெரிக்காவில் வெளியானபோதும் ரோஸ்தோவில்தான் இருந்தார். 1990 ஜனவரியில் இறந்தார். ரஷ்ய அரசு வீர விருது கொடுத்தது 2016-இல். ஆகவே 2018 படம் தாமதமான பரிகாரம் என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பரிகாரத்தின் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் சோபிபோரின் புதிய அருங்காட்சியகப் பணியிலிருந்து ரஷ்யாவைப் போலந்து ஒதுக்கிவைத்து இரு நாடுகளும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சூழலில் செஞ்சேனை அதிகாரி ஒருவரே எல்லாம் செய்தார் என்னும் கதை ரஷ்யாவுக்கு வசதியாக இருந்தது. 1987 படம் இந்த விஷயத்தில் நேர்மையானது. ஆலன் ஆர்கின் ஃபெல்ட்ஹெண்ட்லராக முதலில் வருகிறார், ரட்கர் ஹாயரின் பெச்சர்ஸ்கி பாதிப் படத்துக்குப் பிறகுதான் நுழைகிறார். பட்டறைச் சிறுவர்களாக இருந்த தோமஸ் பிளாட், ஷ்மாய்ஸ்னர் போன்றோர் அந்தப் படக்குழுவுக்கு ஆலோசகர்களாக இருந்தார்கள் என்பது தற்செயலல்ல.

காட்டுக்குள் போனபின் நடந்ததைப் படங்கள் தொடுவதில்லை. பெச்சர்ஸ்கியைச் சுற்றிச் சில டஜன் பேர் திரண்டார்கள். ஒரு கட்டத்தில் அவரும் சில சோவியத் தோழர்களும் வழி பார்த்துவிட்டு உணவு வாங்கி வருவதாகச் சொல்லி, கையிலிருந்த ஆயுதங்களில் பெரும்பகுதியோடு கிளம்பினார்கள், திரும்பவில்லை. விடப்பட்டவர்களில் பிளாட்டும் ஒருவர். பல ஆண்டுகள் கழித்து அவர் ரோஸ்தோவுக்கே போய் இதைக் கேட்டார். தான் ஒரு சிப்பாய், தன் இடம் சேனையில். போலந்து யூதர்கள் தங்கள் மண்ணில் இருந்தார்கள், தன் வேலை அங்கே முடிந்தது என்பதுபோல் பதில் வந்தது. ராணுவ நியாயப்படி அதில் தவறில்லை. அறுபது பேர் ஒன்றாக ஆற்றைக் கடந்து போயிருக்கவும் முடியாது. ஆனாலும் இந்தப் பதிலில் இரண்டு குழுக்களின் வேறுபாடு வெளிப்படுகிறது. ஒருவருக்குச் சோபிபோர் போரின் ஒரு கட்டம். மற்றவருக்கு அதுதான் முழுப் போர். வேலிக்கு வெளியேயும் அது முடியவில்லை. ஃபெல்ட்ஹெண்ட்லர் 1945 ஏப்ரலில் விடுதலை பெற்ற லூப்ளினில் சுடப்பட்டு இறந்தார்.

கிளர்ச்சியால்தான் முகாம் மூடப்பட்டது என்று பல நூல்கள் எழுதுகின்றன. இதிலும் கொஞ்சம் நிதானம் தேவை. பெல்செட்ஸில் கொலைகள் 1942 டிசம்பரிலேயே நின்றுவிட்டன. போலந்து யூதர்களில் பெரும்பாலோர் அதற்குள் கொல்லப்பட்டுவிட்டார்கள். 1943 ஜூலையிலேயே சோபிபோரைக் கைப்பற்றிய வெடிமருந்துகளைப் பிரிக்கும் இடமாக மாற்ற எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் உத்தரவிட்டிருந்தார். சோவியத் கைதிகளைக் கட்டுமானத்துக்கு எடுத்ததே அதற்காகத்தான். ஆகவே கிளர்ச்சி ஒரு முடிவைத் தொடங்கிவைக்கவில்லை, விரைவுபடுத்தியது. ட்ரெப்ளிங்காவிலிருந்து கொண்டுவந்த கைதிகளை வைத்துக் கட்டடங்களைப் பிரித்து, மரம் நட்டு, பிறகு அவர்களையும் சுட்டார்கள். நவம்பர் 3, 4 தேதிகளில் மைதானெக், ட்ராவ்னிகி, போனியாடோவா முகாம்களில் சுமார் 42,000 யூதர்களைக் கொன்றதற்கும், இனி இதுபோல் எங்கும் எழுந்துவிடக்கூடாது என்ற ஹிம்லரின் அச்சம் காரணம் என்பது பல வரலாற்றாசிரியர்களின் முடிவு.

சோவியத் கைதிகளின் 22 நாளுக்கும் பட்டறைக்காரர்களின் ஒன்றரை ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் போருக்குப் பின்பும் பேசியது. நீதிமன்றத்துக்குத் தேவை முகங்களும் பெயர்களும். எந்த அதிகாரி எந்த நாளில் எங்கே நின்றான் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களுடைய பூட்ஸையும் துணியையும் பொன்னையும் கையில் வைத்திருந்தவர்கள்தான். நச்சுவாயு எஞ்சினை இயக்கிய பாவர், 1949-இல் பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதிக் கேளிக்கைச் சந்தையில் சாவகாசமாகத் திரிந்தபோது, சோபிபோரிலிருந்து தப்பிய ஓர் ஆணும் பெண்ணும் அவனை அடையாளம் கண்டு போலீஸில் சொன்னார்கள். மறு ஆண்டு மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுளாகக் குறைக்கப்பட்டு, 1980-இல் சிறையிலேயே இறந்தான். பிரேசிலில் ஒளிந்திருந்த வாக்னர் 1978-இல் சாவ் பாவ்லோவில் போலீஸிடம் வந்தபோது, அவன் யார் என்று எதிரே நின்று சொன்னவர், அதே நாட்டில் குடியேறியிருந்த ஷ்மாய்ஸ்னர். வாக்னரை ஒப்படைக்க பிரேசில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இரண்டு ஆண்டில் கத்திக்குத்துக் காயத்தோடு பிணமாகக் கிடந்தான். ஹாகன் நகரில் 1965-இல் தொடங்கிய விசாரணையில் பன்னிரண்டு எஸ்.எஸ். ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள், ஃப்ரென்ஸலுக்கு ஒருவனுக்குத்தான் ஆயுள் கிடைத்தது. மற்றவர்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தோம், மறுத்தால் எங்களைக் கொன்றிருப்பார்கள் என்று நம்பினோம் என்று வாதாடியதையும், அதை நீதிமன்றம் எவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டது என்பதையும் அடுத்த இதழில் பார்ப்போம்.